கூரை திறக்கும் காரில் இரைச்சல்: சாஃப்ட் டாப்பா, ஆர்எஃப்பா?

கேள்வி: நார்தாம்ப்டனில் இருக்கிறோம். எனக்கு லெஸ்டரில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர் வேலை. வாரத்தில் நான்கு நாள் எம்1 மோட்டார்வேயில் போய் வருகிறேன். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க வேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்தே ஆசை. 18,000 பவுண்டு வரை ஒதுக்கியிருக்கிறோம். இப்போது வரும் மாடல் மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றைப் பழையதாக எடுக்கலாம் என்று பார்க்கிறோம். துணிக் கூரை உள்ள சாஃப்ட் டாப்பை மோட்டார்வேயில் ஓட்டிப் பார்த்தபோது பக்கத்தில் இருந்த கணவர் பேசியதில் பாதிதான் கேட்டது. “அதே காரில் ஆர்எஃப் என்ற வகையை எடு, இரும்புக் கூரை, சத்தம் வராது” என்கிறார் அவர். அது சரியா? போஸ் ஸ்பீக்கர் உள்ள காருக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா? சத்தம் தடுக்கும் ஷீட் ஒட்டினால் சரியாகுமா? காதுக்குக் கெடுதல் உண்டா? ஆன்-கால் நாட்களில் காரிலிருந்தே போன் பேச வேண்டியும் வரும்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. ஆர்எஃப்பில் கூரையை மூடிக்கொண்டு போனால் காற்றிரைச்சல் சாஃப்ட் டாப்பைவிடக் குறைவு. ஆனால் டயரிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கூரையைத் திறந்துவிட்டு எழுபது மைல் வேகத்தில் போனாலோ, ஆர்எஃப்தான் அதிகம் சத்தம் போடும். இந்த மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வாங்குபவர்களுக்காகப் பழைய கார்களைப் போய்ப் பார்த்துச் சொல்வது என் தொழில். ஆசை ஆசையாகக் கன்வெர்ட்டிபிள் வாங்கிவிட்டு, சத்தம் தாங்காமல் ஒரு வருடத்துக்குள் நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் அநேகர் ஷோரூமைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கியவர்கள். நீங்கள் மோட்டார்வேக்கே கொண்டு போயிருக்கிறீர்கள். அந்த ஒரு காரியத்தாலேயே உங்கள் பணம் பாதி தப்பித்தது.

பேசியதில் பாதிதான் கேட்டது என்கிறீர்கள். குரல் காதில் விழுகிறது, என்ன சொன்னார் என்பதுதான் பிடிபடவில்லை என்றால் அது பெரும்பாலும் காற்றின் வேலை. காற்றிரைச்சல் உஸ்ஸென்று மேல் ஸ்தாயியில் இருக்கும். பேச்சில் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெல்லிய ஓசைகளும் அதே இடத்தில்தான் இருக்கின்றன, அவற்றை அது விழுங்கிவிடும். காரை விட்டு இறங்கின பிறகும் தலைக்குள் கும்மென்று ஒரு கனம் இருந்தது என்றால் அது டயர். உருளும்போது டயருக்குள் அடைபட்ட காற்று 200 ஹெர்ட்ஸை ஒட்டி அதிரும். அந்த அதிர்வு சக்கரத்தில் ஏறி, சஸ்பென்ஷன் வழியாகப் பாடிக்கு வந்து, சீட்டுக்கு அடியிலும் பின்னாலும் இருக்கிற தகட்டைப் பேச வைக்கும். அது வருவது தரை வழியாக. மேலே துணி இருந்தாலும் தகடு இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

எம்எக்ஸ்-5-இல் இது ஏன் இவ்வளவு தெரிகிறது என்றால், அந்தக் காரின் எடையே சுமார் ஒரு டன்தான். 1989-இல் முதல் எம்எக்ஸ்-5 வந்தபோது எந்தக் கொள்கையோடு செய்தார்களோ அதையேதான் 2015-இல் வந்த இந்த நான்காம் தலைமுறைக்கும் வைத்துக்கொண்டார்கள். தேவையில்லாத ஒரு கிலோவைக்கூட ஏற்றக் கூடாது என்பது அது. சத்தம் தடுக்கும் பொருள் எல்லாம் எடைதானே, அதில்தான் முதலில் கை வைத்தார்கள். பின் சீட் இல்லை. பின்சக்கரம் கிட்டத்தட்ட உங்கள் முதுகுக்குப் பின்னால் உருளுகிறது. மானுவல் கியர்பாக்ஸில் கடைசியான ஆறாவது கியரே நேர் விகிதம்தான், அது எஞ்சின் சுற்றைக் குறைப்பதில்லை. எழுபது மைலில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,800 சுற்றில் இருக்கும். சாதாரண குடும்பக் காரிலிருந்து இறங்கி இதில் ஏறுபவர்களுக்கு ஐந்தாவது கியரிலேயே போகிற மாதிரி இருக்கும். அது பழுது இல்லை, அதன் சுபாவம்.

காற்றுக்கு வருவோம். வேகம் கூடக் கூடக் காற்றிரைச்சல் நேர்க்கோட்டில் ஏறுவதில்லை, தாறுமாறாக ஏறும். அதன் ஒலிச்சக்தி ஏறக்குறைய வேகத்தின் ஆறாம் அடுக்கில் வளர்கிறது. அறுபதிலிருந்து எழுபதுக்குப் போனால் காற்றின் பங்கு மட்டும் சுமார் 4 டெசிபல் ஏறும். 3 டெசிபல் ஏறினாலே சக்தி இரட்டிப்பு. காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்றுவதற்கு ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். அதனால்தான் ஐம்பதில் அருமையாக இருந்த கார் எழுபதில் வேறு காராகத் தெரிகிறது. மோட்டார்வேயில் அறுபத்திரண்டு, அறுபத்து மூன்றில் ஓட்டப் பழகினால் காசு செலவில்லாமல் கிடைக்கும் அமைதி அது.

ஆர்எஃப் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதற்கு முந்தைய தலைமுறையில் மடங்கும் கடினக் கூரை ஒன்று இருந்தது. திறந்தால் முழுக்க உள்ளே போய்விடும், பின்னால் எதுவும் நிற்காது. இப்போதைய கார் அதைவிடக் குட்டை, அப்படி மடித்து வைக்க இடமில்லை. அதனால் 2016-இல் நியூயார்க் மோட்டார் ஷோவில் அவர்கள் காட்டிய ஆர்எஃப்பில் வேறு வழி பிடித்தார்கள். தலைக்கு மேல் உள்ள பகுதியும் பின் கண்ணாடியும் உள்ளே போகும், சீட்டுகளுக்குப் பின்னால் இரு பக்கமும் தோள் மாதிரி உயர்ந்திருக்கும் கூரைப் பகுதிகள் திரும்ப வந்து அப்படியே நிற்கும். பார்க்க வெகு அழகு. மூடினால் கூரை திறக்காத கூபே கார் மாதிரியே இருக்கும். ஆனால் திறந்து ஓட்டும்போது, முன் கண்ணாடியைத் தாண்டி வருகிற காற்று அந்தத் தோள்களிலும் நடுவில் உள்ள இடைவெளியிலும் மோதிச் சுழல்கிறது. சுழல்கிற இடம் சரியாக உங்கள் காதுக்குப் பின்னால். நாற்பது, ஐம்பது மைல் வரை ஒன்றும் தெரியாது. மோட்டார்வே வேகத்தில் முரசடித்த மாதிரி துடிக்கும், பக்கத்தில் இருப்பவரோடு பேசவே முடியாது. சாஃப்ட் டாப்பைத் திறந்தால் பின்னால் தடுக்க ஒன்றுமில்லை, காற்று தலைக்கு மேல் ஓடிப் போய்விடும். ஆசைப்பட்டு ஆர்எஃப் வாங்கியவர்கள் பலருக்கு முதல் கோடையில்தான் இது தெரிய வருகிறது.

கூரையைத் திறந்து மூடும் சௌகரியத்தில் நான் சாஃப்ட் டாப் கட்சி. நடுவில் ஒரே ஒரு கொக்கி. உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு கையால் பின்னால் தள்ளிவிடலாம், சிக்னல் பச்சையாவதற்குள் வேலை முடிந்துவிடும். ஆர்எஃப்பில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் சுமார் 13 வினாடி, அதுவும் மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கீழே போனால்தான். டிக்கி இரண்டிலும் ஒரே அளவுதான் என்று சொல்லலாம், 130 லிட்டரும் 127 லிட்டரும். எடை ஆர்எஃப்பில் நாற்பது கிலோவுக்கு மேல் கூடும்.

சாஃப்ட் டாப் என்று பொதுவாகச் சொன்னாலும் அதிலேயே தரம் உண்டு. அடுத்த முறை உட்காரும்போது தலையை உயர்த்திப் பாருங்கள். கூரையின் குறுக்குச் சட்டங்கள் வெறுமனே தெரிந்தால் உள்லைனிங் இல்லை. மழைத்துளி விழுவதுகூடத் தகரக் கொட்டகைக்குக் கீழே இருப்பது போலக் கேட்கும். சட்டத்தை மறைத்து உள்ளே இன்னொரு துணி வழவழவென்று இருந்தால் லைனிங் உள்ளது. இது மேல் இரைச்சலை நன்றாகவே குறைக்கும். நீங்கள் ஓட்டிப் பார்த்த காரில் எது இருந்தது என்று எழுதவில்லை. அதைப் பார்க்காமல் சாஃப்ட் டாப்பையே ஒதுக்கிவிட வேண்டாம்.

அடுத்து டயர். நான் ஒரு காரைப் பார்க்கப் போனால் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் நான்கு டயரையும் பார்ப்பேன். நீங்களும் பாருங்கள். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடலா? பக்கவாட்டில் சிறு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், 3219 என்றால் 2019-இன் 32-ஆவது வாரம் செய்தது. ஆறேழு வருடம் ஆன டயர் நிறையப் பட்டன் மிச்சம் வைத்திருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும், கல்லான ரப்பர் கத்தும். அப்புறம் உள்ளங்கையைப் பட்டன் மேல் வைத்து முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பப் பல் மாதிரி கையைப் பிடித்தால் அலைன்மென்ட் கெட்டுத் தேய்ந்த டயர். மோட்டார்வேயில் அது போடும் ஊளையை வீல் பேரிங் போய்விட்டது என்று நினைத்துப் பேரிங்கை மாற்றுகிறவர்கள் உண்டு. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி: காலியான சாலையில் ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். எடை ஒரு பக்கம் சாயும்போது ஓசை கூடிக் குறைந்தால் பேரிங். மாறாமல் இருந்தால் டயர்.

காற்றழுத்தத்தையும் கேளுங்கள். இந்தக் காருக்கு மஸ்டா சொல்வது 29 பிஎஸ்ஐ. ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும். பெரிய கார்களுக்கு அடிக்கிற பழக்கத்தில் இதற்கும் முப்பத்தைந்து வரை ஏற்றி வைத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு டன் எடைக்கு அவ்வளவு அழுத்தம் கொடுத்தால் சாலையின் ஒவ்வொரு கல்லும் சீட்டுக்கு வந்துவிடும். டெஸ்ட் டிரைவுக்கு முன்பே சரிசெய்யச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

புது டயர் வாங்கும்போது லேபிளில் ஒரு டெசிபல் எண் இருக்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கார் கடந்து போகும்போது சாலையோரத்தில் நிற்பவருக்கு எவ்வளவு கேட்கும் என்பதுதான் அந்த எண். காருக்குள் இருப்பவருக்கு அதில் உறுதி ஒன்றுமில்லை. ஸ்போர்ட்ஸ் டயரைவிடச் சாதாரணப் பயண டயர்கள் இந்தக் காரில் அமைதியாக இருக்கும். உங்கள் எம்1 ஓட்டத்துக்கு அதுவே போதும்.

சக்கர அளவும் சேர்த்தி. 1.5 லிட்டர் கார் 16 அங்குலச் சக்கரத்தில் 195/50 டயரோடு வரும், 2.0 லிட்டர் 17 அங்குலத்தில் 205/45. சின்னச் சக்கரத்தில் ரப்பர் உயரம் கூடுதல், அகலம் குறைவு. சத்தத்துக்கு அதுதான் நல்லது. விலையும் குறைவு. யாராவது 18 அங்குலம் மாட்டி அழகு பார்த்த கார் என்றால் உங்கள் உபயோகத்துக்கு வேண்டவே வேண்டாம். சைலென்சர் மாற்றிய காரும் அப்படியே. அந்த எக்ஸாஸ்ட் பலவற்றில் ஒரு குறிப்பிட்ட சுற்றில் கேபின் முழுக்கக் கும்மென்று அடைக்கும். அந்தச் சுற்று 2,500-க்கும் 3,000-க்கும் நடுவில் விழுந்துவிட்டால் தினமும் முக்கால் மணி நேரம் அதற்குள்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

இப்போது காற்று எங்கிருந்து நுழைகிறது என்று கண்டுபிடிக்கும் முறை. வாங்குவதற்கு முன்பே செய்யலாம், டீலர் ஒன்றும் சொல்ல மாட்டார். பெயின்ட் அடிப்பவர்கள் ஓரத்துக்கு ஒட்டும் காகித டேப் ஒரு சுருள் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் டேப் இல்லாமல் எழுபதில் போங்கள். ரேடியோ, ஏசி விசிறி இரண்டையும் நிறுத்திவிடுங்கள். ஏசி சத்தத்தைக் காற்றிரைச்சல் என்று எண்ணிக்கொள்கிறவர்கள் அநேகம். பிறகு மோட்டார்வே ஓரத்தில் ஓய்வெடுக்க இருக்கும் சர்வீஸ் நிலையத்தில் நிறுத்தி, ஓட்டுநர் பக்கம் ஜன்னல் கண்ணாடியும் கூரையும் சேரும் கோட்டின் மேல் டேப் ஒட்டி மறுபடி ஓட்டுங்கள். வித்தியாசம் தெரிந்தால் அங்கேதான் ரப்பர் சரியாக உட்காரவில்லை. தெரியாவிட்டால் அடுத்து முன் கண்ணாடியின் மேல் விளிம்பு, அதற்கடுத்துக் கதவில் பின்னால் பார்க்கும் கண்ணாடி பொருத்தியிருக்கும் முக்கோணம். ஓட்டுநர் பக்கத்தை ஒட்டும் நேரத்தில் மற்றவர் பக்கத்துக் கதவு வழியாக ஏறிக்கொள்ளலாம், டேப்பைப் பிய்க்க வேண்டாம். நிற்கும்போது செய்கிற சோதனை ஒன்றும் உண்டு. ஒரு காகிதத் துண்டை ரப்பர் மேல் வைத்துக் கதவை மூடி இழுங்கள். இறுக்கிப் பிடித்து வந்தால் சரி, லொடுக்கென்று வந்தால் அந்த இடத்தில் காற்றும் வரும், மழையும் வரும்.

ரப்பர் காய்ந்துபோனது, கண்ணாடி சற்று வெளியே நிற்பது, கொக்கி தளர்ந்தது, இவையெல்லாம் சரிசெய்யக் கூடியவை, பெரிய செலவும் இல்லை. ஆர்எஃப்பில் கூரைப் பாகங்கள் சேரும் இடத்தில் கிரீச் கிரீச்சென்று ஓசை வருவது சகஜம். ரப்பருக்கென்றே விற்கும் பசையைத் தடவினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காத கிரீச்சும், மூடும்போது நடுவில் தயங்கி நிற்கும் கூரையும் வேறு விஷயம். அந்த இயந்திரத்தில் கை வைத்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது, அந்தக் காரை விட்டுவிடுங்கள். சாஃப்ட் டாப்பில் துணி மடியும் இடங்கள் தேய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் தரைவிரிப்பைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் கூரைத் தண்ணீர் வடியும் துளைகள் இலைதழையால் அடைத்திருக்கின்றன.

போஸ் பற்றி. அதில் ஒன்பது ஸ்பீக்கர், தலைசாய்ப்பானுக்குள்ளும் ஸ்பீக்கர் உண்டு. கூரை திறந்திருக்கும்போது காதுக்கு அருகிலேயே ஓசை வருவது நிஜமாகவே உதவும். பாட்டுப் பிரியர் என்றால் வாங்குங்கள். ஆனால் இரைச்சலுக்கு மருந்தாக வாங்காதீர்கள். இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமென்று சத்தத்தைக் கூட்டினால் காதுக்குப் போகும் மொத்த ஒலிதான் கூடும். அந்தக் காசுக்கு நான்கு நல்ல டயர் போடலாம், பலன் அதிகம்.

ஷீட் ஒட்டுவது வேலை செய்யும், அளவோடு. பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர் ஷீட் தகட்டின் அதிர்வைக் குறைக்கும், அதன் மேல் ஃபோம் வைத்தால் மிச்ச ஓசையையும் கொஞ்சம் தடுக்கும். இந்தக் காரில் பலன் தரும் இடங்கள் சீட்டுக்குப் பின்னால் உள்ள தளம், பின்சக்கர வளைவுகள், சீட்டுகளுக்கு நடுவில் நீளவாக்கில் எழும்பியிருக்கும் டனல், கதவின் வெளித்தகடு. அது டயர் உறுமலைத்தான் குறைக்கும், காற்றை ஒன்றும் செய்யாது. கதவின் அடியில் உள்ள தண்ணீர்த் துளைகளை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சீட்டைக் கழற்றும்போது ஏர்பேக் ஒயர் இருக்கும், அதனால் விஷயம் தெரிந்தவரிடமே கொடுங்கள். வரிசை என்று கேட்டால் டயர், காற்றழுத்தம், கூரை ரப்பர், அதற்குப் பிறகும் குறை இருந்தால் ஷீட்.

காதைப் பற்றிக் கேட்டது மிக நல்ல கேள்வி. நீங்கள் மருத்துவத் துறையிலேயே இருப்பவர். பிரிட்டனில் பணியிட இரைச்சலுக்கு 2005-இல் வந்த விதிகளில் 80, 85 டெசிபல் என்று இரண்டு படிகள் உண்டு, வேலைநாள் முழுவதன் சராசரியாக. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் தாங்கும் நேரம் பாதியாகும். 85-இல் எட்டு மணி நேரம் என்றால் 91-இல் இரண்டு மணி நேரம்தான். கூரை மூடியிருந்தால் எம்எக்ஸ்-5 எழுபது மைலில் 80-க்குக் கீழேதான் இருக்கும். களைப்பு வரும், காது கெடாது. திறந்தால் கதை வேறு. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகக் காது மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட அளவீட்டில், கூரை திறந்து 55 மைலில் ஓட்டிய ஐந்து கார்களில் நான்கு 85 டெசிபலைத் தாண்டின. ஆகவே மோட்டார்வேயில் திறந்து ஓட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். திறக்கும்போது ஜன்னல் கண்ணாடிகள் இரண்டையும் ஏற்றி வையுங்கள், சத்தம் தெளிவாகக் குறையும். சீட்டுகளுக்கு நடுவில் இருக்கும் காற்றுத் தடுப்பையும் கழற்றாதீர்கள். காற்று முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை, மேலே போனது பின்னால் இறங்கித் திரும்பிக் கழுத்தில் அடிக்கும். முடி முகத்துக்கு முன்னால் பறப்பது அதனால்தான், அந்தத் தடுப்பு அதைத்தான் மறிக்கிறது. போனில் இரைச்சல் அளக்கும் செயலி ஒன்று போட்டுக்கொள்ளலாம். அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது, ஆனால் ஒரே போனை வைத்து ஒரே சாலையில் இரண்டு கார்களை ஒப்பிட அது போதும். ஈரச் சாலையில் அளக்காதீர்கள், டயர் இரைச்சல் ஏறிவிடும்.

போன் பேசுவதில்தான் எனக்கு உங்களைப் பற்றி உண்மையான கவலை. நோயாளிக்கு எத்தனை மில்லிகிராம் என்று மறுமுனையில் ஒருவர் கேட்க, பாதி காதில் விழும் சொல்லை வைத்து நீங்கள் பதில் சொல்லக் கூடாது. எம்எக்ஸ்-5-இல் கூரை மூடி, அறுபதுக்குக் கீழே போனால் பேச்சு ஓரளவு தெளிவாக இருக்கும். எழுபதில் நீங்கள் பேசுவது அந்தப் பக்கம் இரைச்சலோடுதான் போகும். இந்தப் பிரச்சினைக்காகவே ஆடி தன் ஆர்8 ஸ்பைடரில் சீட்பெல்ட்டுக்குள் மைக் வைத்தது, வாய்க்கு அருகில் இருக்கட்டும் என்று. ஆன்-கால் நாட்களில் சர்வீஸ் நிலையத்தில் நிறுத்திப் பேசுவதே முறை. அது முடியாது, ஓடிக்கொண்டே பேசித்தான் ஆக வேண்டும் என்றால் எம்எக்ஸ்-5 உங்களுக்கு ஏற்ற காரே இல்லை, சாஃப்ட் டாப்பானாலும் சரி, ஆர்எஃப் ஆனாலும் சரி.

அப்படியானால் எதைப் பார்க்கலாம்? மெர்சிடிஸ் எஸ்எல்சி. எடை அதிகம், கூர்மை குறைவு, ஆனால் மடங்கும் கடினக் கூரை முழுக்க டிக்கிக்குள் போய்விடும், மூடினால் சாதாரண மெர்சிடிஸ் போலவே அமைதி. ஆப்ஷனில் ஏர்ஸ்கார்ஃப் உள்ள காராகத் தேடுங்கள். தலைசாய்ப்பானிலிருந்து கழுத்துக்கு வெதுவெதுப்பான காற்று வரும். இங்கிலாந்தின் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் திறந்து ஓட்ட அதுதான் வழி. 2009-இலிருந்து 2016 வரை வந்த பிஎம்டபிள்யூ இசட்4-க்கும் கடினக் கூரை உண்டு, ஆனால் அதில் பஞ்சரானாலும் ஓடும் ரன்ஃபிளாட் டயர் இருக்கும். பக்கச் சுவர் தடித்த டயர், கரடுமுரடான சாலையில் தடதடவென்று அடிக்கும். அதை எடுத்துவிட்டுச் சாதாரண டயர் போட்ட கார் கிடைத்தால் ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று பலருக்குத் தோன்றாத கார், ஃபியட் 124 ஸ்பைடர். எம்எக்ஸ்-5-இன் அதே அடித்தளத்தில், அதே ஹிரோஷிமா தொழிற்சாலையில் செய்தது. எஞ்சின் ஃபியட்டின் 1.4 லிட்டர் டர்போ. தாழ்ந்த சுற்றிலேயே இழுக்கும், அதனால் கியரைக் குறைத்து எஞ்சினை அலற விட வேண்டியதில்லை. சஸ்பென்ஷனும் சற்று மென்மை, சத்தத் தடுப்புக்கும் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2019-இல் விற்பனை நின்றுவிட்டது, அதனால் நல்ல சர்வீஸ் வரலாறு உள்ள காராகத் தேட வேண்டும். அந்த எஞ்சினுக்கு எண்ணெய் நேரத்துக்கு மாற்றியிருப்பது ரொம்ப முக்கியம்.

என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான். உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி கூரை மூடிய மோட்டார்வே. திறப்பது வார இறுதியில் ஐம்பது மைலுக்குள் கிராமத்துச் சாலைகளில் என்றால், ஆர்எஃப்பின் குறை உங்களை அதிகம் தொடாது, அதன் நன்மை தினமும் கிடைக்கும். எம்எக்ஸ்-5 மேல்தான் மனசு என்றால் 16 அங்குலச் சக்கரத்தோடு வரும் 1.5 ஆர்எஃப்பைத் தேடுங்கள். போன் கட்டாயம் என்றால் எஸ்எல்சி. லைனிங் உள்ள சாஃப்ட் டாப் ஒன்றும் ஃபியட் ஒன்றும் கிடைத்தால், முடிவெடுப்பதற்கு முன் அவற்றையும் ஒரு முறை எம்1-இல் ஓட்டிவிடுங்கள். பதினைந்தாம் ஜங்ஷனிலிருந்து இருபத்தொன்று வரை, நீங்கள் தினமும் போகும் அதே வழியில், வேலைக்குப் போகும் நேரத்தில். கணவரையும் ஓட்டுநர் சீட்டில் உட்கார வையுங்கள். உயரமானவர் என்றால் முன் கண்ணாடியின் மேல் விளிம்பு அவர் கண்ணுக்கு நேராக வரும், தலையும் கூரைக்கு நெருங்கிவிடும், அவர் கேட்கும் சத்தம் உங்களுடையதைவிட அதிகமாக இருக்கும்.

வாங்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டீலரிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, காரில் பழுது இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். ரப்பர் கிழிந்து காற்றும் மழையும் வருவது பழுது. எம்எக்ஸ்-5 இயல்பாகவே போடும் சத்தம் பழுது ஆகாது, அதைச் சொல்லித் திருப்ப முடியாது. தனியாரிடம் வாங்கினால் அந்த 30 நாளும் கிடையாது. விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று அங்கே போவதானால், டேப் சோதனையையும் காகிதத் துண்டுச் சோதனையையும் முடித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள்.

அன்புடன்.